சாம்பார் அண்டாவும் இரண்டு பிராக்கெட்டும்

படப்பையிலிருந்து ஒரகடம் போகிற சாலையில், என் பட்டறைக்கு நேர் எதிரே ஒரு வேகத்தடை இருக்கிறது. பக்கத்துக் கல்யாண மண்டபத்துக்காரர் அலைந்து திரிந்து போட வைத்தது. அதில் ஏறி இறங்கி மறுபடி வேகம் எடுக்கிற வண்டிகளின் சத்தம் எனக்கு அத்துப்படி. எதற்கு சைலன்சர் ஓட்டை, எதற்கு கிளட்ச் தேய்ந்திருக்கிறது என்று வெல்டிங் கண்ணாடியைக் கழற்றாமலே சொல்லிவிடுவேன். இப்படிப் பீத்திக்கொள்கிற வாய் எனக்கு. அந்த வாய் ஒரு அக்காவின் வேலையைத் தின்றது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

தினமும் காலையில் ஒரு மினி லாரி எங்களைத் தாண்டிப் போகும். படப்பையில் ஒரு சமையல்கூடம் இருக்கிறது. சொந்தமாகச் சமையல் இல்லாத சின்னக் கம்பெனிகளின் கேன்டீனுக்கு அங்கிருந்துதான் சாப்பாடு போகிறது. சோறு, சாம்பார், ரசம், ஒரு பொரியல், அப்பளக் கூடை. ஷிஃப்ட்டில் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் போய்ச் சேர்ந்தாக வேண்டும். ஒரு மழைக்காலத்தில் சாலையில் தண்ணீர் தேங்கி, சைலன்சரில் தண்ணீர் ஏறி வண்டி நடுவழியில் நின்றுவிட்டது. அன்றைக்கு மதியம் அந்தக் கம்பெனிகளில் வேலை பார்க்கிற பிள்ளைகள் பன் தின்றார்களாம். சமையல்கூடத்து ஓனர் அதற்கு வாங்கிய திட்டில், வண்டியையே உயரத் தூக்கிவிட்டார். பின்பக்கம் வண்டியைத் தாங்குகிற கமான் பட்டைக்கும் இரண்டு சக்கரத்தையும் இணைக்கிற ஆக்ஸிலுக்கும் நடுவில் இரும்புக் கட்டை வைத்து ஏற்றியாயிற்று. தண்ணீர் பிரச்சினை தீர்ந்தது, துள்ளல் பிரச்சினை ஆரம்பித்தது.

கட்டை வைத்தால் இப்படித்தான் ஆகும். முதல் கியரில் வண்டியைக் கிளப்பும்போது சக்கரத்தைச் சுற்றுகிற வேகம் ஆக்ஸிலையும் சேர்த்து முறுக்கப் பார்க்கும். நடுவில் கட்டை இருந்தால் முறுக்கு இன்னும் அதிகம். பட்டை வளைந்து கொடுக்கும், தாங்க முடியாமல் திரும்பிவரும், மறுபடி வளையும். சக்கரம் தரையை விட்டுத் தூக்கித் தூக்கி அடிக்கும். தடதட தடதட. வேகத்தடையைத் தாண்டி அந்த லாரி கிளம்புகிற சத்தம் கேட்டால் என் பட்டறைத் தகரம் கூட அதிரும்.

அந்தத் துள்ளலுக்கு நேர் மேலே, கவிழ்த்துப்போட்ட பிளாஸ்டிக் கிரேட் ஒன்றில், சாம்பார் அண்டாவுக்கும் ரச அண்டாவுக்கும் நடுவில் அக்கா உட்கார்ந்திருப்பார். அதுதான் அவர் வேலை. அண்டா வாயில் ஈரத்துணி, துணி மேல் தட்டு, தட்டு மேல் அவர் முழங்கை. வண்டி துள்ளும்போது அழுத்திப் பிடிக்க வேண்டும். சாதா நாட்களில் கொஞ்சம் வழியும், கெட்ட நாட்களில் கையில் கொட்டும். இடது முன்கையில் பழைய சூட்டுத் தழும்புகள் இருந்தன. மாதா கோயிலுக்குப் பின்னால் புதிதாகப் போட்ட மனைகளில் வீடு. வீட்டுக்காரர் பெயிண்டர், கூப்பிட்டால் வேலை, கூப்பிடாவிட்டால் கட்டில். குடும்பம் நிஜமாக ஓடியது அந்தக் கிரேட்டின் மேல்தான்.

ஒருநாள் லாரி என் வாசலிலேயே நின்றது. அக்கா பின்னாலிருந்து இறங்கினார். புடவை இடுப்புக்குக் கீழே முழுக்க சாம்பார். முருங்கைக்காய்த் துண்டு ஒன்று கொசுவத்தில் ஒட்டியிருந்தது. நான் சிரித்துவிட்டேன். அவருக்கும் சிரிப்பு வந்தது, ஆனாலும் விடவில்லை.

"இன்னா தம்பி, ஊர் இரும்பையெல்லாம் பத்த வெச்சிகினு கீற. இந்த வண்டி குதிக்கறத நிறுத்த ஒரு வழி பண்ண மாட்டியா?"

டிரைவர் திருநெல்வேலிப் பக்கத்து ஆள். கல்யாணமாகி, குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு இங்கே நாலு பேரோடு ஒரு ரூமில் இருந்தார். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "வேகத்தடைலதாம் அண்ணாச்சி துள்ளுது. நான் என்ன செய்ய? ரோட்ட அப்படிப் போட்டு வச்சிருக்காவ."

"வேகத்தடைல இல்ல. நீ கிளட்ச்ச வுடறப்பதான் குதிக்குது. மேல குந்திகினு கீறது நானு," என்றார் அக்கா.

யார் சொல்வது சரி என்று பார்க்க என் போனை வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில் துணி சுற்றிக் கட்டி, வீடியோவைப் போட்டுவிட்டு, வண்டியை ஓட்டிவரச் சொன்னேன். திரும்பி வந்ததும் மூன்று பேரும் தலையைச் சேர்த்துப் பார்த்தோம். வேகத்தடையில் வண்டி ஒழுங்காகத்தான் ஏறி இறங்கியது. கிளப்பும்போது ஆக்ஸிலின் நடு உருண்டை மூக்கைத் தூக்கித் தூக்கி அடித்தது. டிரைவர் பீடி பற்ற வைத்தார். அக்கா அந்த வீடியோவை இன்னொரு தடவை போடச் சொன்னார். இத்தனை நாள் தன்னை உதைத்த ஆளை நேரில் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

ஓனரிடம் பேசினேன். கட்டையை எடுத்துவிட்டால் துள்ளல் தானாகப் போய்விடும் என்றேன். மழை வந்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். சரி, கட்டை இருக்கட்டும், பிராக்கெட் செய்து கட்டுப்படுத்துகிறேன் என்று ஒத்துக்கொண்டேன். உள்ளுக்குள் எனக்குப் பரம சந்தோஷம். பட்டறையில் எனக்கு வருவதெல்லாம் கேட், கிரில், கம்பெனிகளுக்கு டிராலி. நாலு கம்பியை ஒட்டினால் முடிந்தது. யோசித்துச் செய்கிற வேலை வந்து எத்தனையோ நாளாகியிருந்தது.

அப்பளம் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு அளவு வெட்டினேன். அட்டை சரியாக உட்கார்ந்ததும் அதை எட்டு எம்.எம். பிளேட்டில் வைத்துக் கோடு போட்டு, கேஸ் கட்டரில் வெட்டி, ஓரத்தை கிரைண்டரில் தேய்த்தேன். பக்கத்துக்கு ஒரு பிராக்கெட். அது யு போல்ட்டோடு சேர்ந்து ஆக்ஸிலைப் பிடிக்கும். அதிலிருந்து முன்னால் ஒரு தடிப் பைப் போய் சேசிஸில் மாட்டிக்கொள்ளும். ஆக்ஸில் மூக்கைத் தூக்கப் பார்த்தால் பைப் விடாது.

முதல் தடவை கோட்டை விட்டேன். பைப்பின் முன் நுனியை அசையாமல் முறுக்கிப் பிடித்திருந்தேன். துள்ளல் நின்றது, ஆனால் பட்டை மேலும் கீழும் ஆடவும் வழியில்லாமல் போய்விட்டது. ஒரகடம் போய் வந்த அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். "குதிரைய எறக்கிட்டு கழுதைல ஏத்தி வுட்டுட்ட தம்பி," என்றார். எனக்கு மூக்கு மேல் கோபம். அவர் மேல் இல்லை, என் மேல்தான், ஆனால் அவரிடம்தான் காட்டினேன். மறுநாள் எல்லாவற்றையும் கழற்றி, முன் நுனிக்குக் கதவுக் கீல் மாதிரி ஆடுகிற ஒரு துண்டு செய்தேன். இரும்பும் இரும்பும் உரசாமல் இருக்க நடுவில் ரப்பர் புஷ். மறைமலை நகரில் லாரி சாமான் விற்கிற கடையில் தேடி வாங்கியது. எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு ஜோடி கூடுதலாக வாங்கி டிராயரில் போட்டுவைத்தேன்.

இந்தத் தடவை அக்கா போய்விட்டுச் சிரித்துக்கொண்டே வந்தார். துணி நனையவில்லை. அதோடு நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாம் நன்றாக முடிந்திருக்கும்.

ஓனர் வந்து பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். மதியச் சாப்பாடு இறக்கிவிட்டு வண்டி காலியாகத் திரும்பிய நேரம் அவரையும் வரச்சொன்னேன். பட்டறைக்குப் பக்கத்தில் எடை மேடை ஒன்று உண்டு, ஏறுகிற சரிவு நல்ல செங்குத்து. அண்டாவை வண்டியில் ஏற்றி, டியூப் போட்டு விளிம்பு வரை தண்ணீர் பிடித்தேன். மூடி போடவில்லை. அக்கா வழக்கம்போல ஏறி உட்காரப் போனார். நான் கையைக் குறுக்கே நீட்டித் தடுத்தேன்.

"நீ எறங்கு அக்கா. ஆளே இல்லாம காட்டறேன்."

அவர் இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றார். டிரைவர் முதல் கியரில் சரிவில் ஏற்றினார். அண்டாவில் தண்ணீர் லேசாக வட்டம் போட்டு ஆடியது, ஒரு சொட்டு சிந்தவில்லை. முதலில் கை தட்டியது அக்காதான். நான் ஓனர் பக்கம் திரும்பி, இதைச் சொன்னேன்: "பாத்தீங்களா சார்? இனிமே பின்னாடி ஆளே தேவையில்ல."

வேலை முடித்துக் கொடுக்கும்போது கஸ்டமரிடம் இப்படி ஏதாவது ஒன்று சொல்வது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் பழக்கம். கேட் செய்து கொடுத்தால் 'யானை வந்து முட்டினாலும் நிக்கும்' என்போம். எந்த யானையும் வந்ததில்லை. ஓனர் அண்டாவைப் பார்த்தார், பிறகு அக்காவைப் பார்த்தார், பிறகு தலையாட்டினார். அக்கா எல்லோருக்கும் டீ சொன்னார். நான் இரண்டு டீ குடித்தேன்.

அதற்கப்புறம் லாரி போகிற சத்தம் எனக்குக் கேட்பதில்லை. மற்ற வண்டிகள் மாதிரி அதுவும் ஏறி இறங்கிப் போய்விடும். ஒருநாள் தற்செயலாகத் தலையைத் தூக்கியபோது பின்னால் அண்டாக்கள் மட்டும் இருந்தன. அக்காவுக்கு உடம்பு சரியில்லையோ என்று நினைத்தேன். திரும்பி வரும்போது டிரைவரை நிறுத்திக் கேட்டேன்.

"அக்காவ நிப்பாட்டியாச்சு அண்ணாச்சி. அண்டாவ கயித்தால கட்டிட்டா போதும், ஆளு எதுக்குன்னு ஓனர் கேக்காவ. சமையக்கட்டுலயும் போதுமான ஆளு இருக்காம்." அவர் என் முகத்தைப் பார்க்காமல் ஸ்டியரிங்கைப் பார்த்துச் சொன்னார்.

ஓனருக்கு போன் போட்டுக் கத்தினேன். இத்தனை நாள் கையைச் சுட்டுக்கொண்ட மனுஷியை இப்படியா அனுப்புவது என்று கேட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்கதான அண்ணா சொன்னீங்க, ஆள் தேவையில்லனு?" என்றார்.

"அது பேச்சுக்குச் சொன்னது சார்."

"பேச்சுக்கா? தண்ணி ஊத்திக் கண்ணால காட்டுனீங்களே."

போனை வைத்துவிட்டேன். ஈவிரக்கம் இல்லாத ஆள் என்று அன்று முழுக்க அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். அவரைத் திட்டுவது எனக்கு வசதியாக இருந்தது.

அக்காவுக்கு ஒரகடத்தில் ஒரு பெண்கள் ஆஸ்டலில் வேலை கிடைத்ததாகக் கேள்விப்பட்டேன். ஷிஃப்ட்டுக்குப் போகிற பெண் பிள்ளைகள் தங்குகிற இடம். மாடி மாடியாகக் குளியலறை கழுவுகிற வேலை. ஒருநாள் ஷேர் ஆட்டோ நிற்கிற இடத்தில் அவரைப் பார்த்துவிட்டு, நன்றாக இருந்த பைக் செயினைக் குனிந்து சரிபார்த்தேன். அவர் அதற்கெல்லாம் விடுகிற ஆள் இல்லை. கிட்டே வந்து, "இன்னா தம்பி, வண்டி குதிக்காமத்தான கீது?" என்று கேட்டார். குத்திப் பேசவில்லை, நிஜமாகவே விசாரித்தார். நான் உம் கொட்டினேன். அவர் திட்டியிருந்தால் தேவலை என்று வீட்டில் வந்து சொன்னேன்.

"உனக்கு இன்னா, அவங்க நாலு வார்த்த திட்டணும். திட்டிட்டா எல்லாம் தீந்துச்சுனு நிம்மதியாத் தூங்குவ," என்றாள் என் மனைவி. அதற்கும் கோபப்பட்டேன்.

இதற்கு நடுவில் எனக்குப் பெயர் கிளம்பிவிட்டது. எடை மேடையில் தண்ணீர் சிந்தாததை நான் போனில் வீடியோ எடுத்திருந்தேன், டிரைவர் அதை வாங்கி எல்லோருக்கும் அனுப்பியிருந்தார். உயரம் தூக்கிய வண்டிக்காரர்கள் தேடிக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொருவரும் "ஆளே இல்லாம தண்ணி சிந்தாதாமே" என்று கேட்கும்போது நான் குனிந்து அளவு டேப்பைத் தேடுவேன். ஆனால் எவருக்கும் செய்ய மாட்டேன் என்று சொல்லவில்லை.

மழைக்காலம் முடிந்த பிறகு ஒரு காலையில் மறுபடி அந்தச் சத்தம் கேட்டது. தடதட தடதட. சேறும் தண்ணீருமாக ஓடியதில் ரப்பர் புஷ் தேய்ந்துவிட்டது. டிரைவர் வண்டியை நிறுத்தினார். "நேத்து சாம்பார் பூரா கொட்டிப் போச்சு அண்ணாச்சி. இது சரியாவுத வரைக்கும் அக்காவ வரச் சொல்லியிருக்காவ. புஷ்ஷு இருக்கா?"

புஷ் என் முட்டிக்கு நேராக டிராயரில் இருந்தது. "இல்லப்பா, கடையில சொல்லி வெக்கறேன். வரட்டும்," என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய்யில்லை, வாயில் தானாக வந்தது. வந்த பிறகு, நல்ல காரியம்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அடுத்த நாள் லாரி போகும்போது எட்டிப் பார்த்தேன். அக்கா கிரேட்டில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துத் தலையாட்டினார். டிரைவர் கேட்கும்போதெல்லாம் இன்னும் வரவில்லை என்றேன். காலையில் அந்தத் தடதட சத்தம் கேட்டால் எனக்கு மனசு லேசாகும். அவர் வேலையை அவருக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று ஒரு நினைப்பு. அந்தச் சத்தத்துக்கு மேலே என்ன கொதித்துக்கொண்டிருக்கிறது என்று யோசிக்கவில்லை.

ஒருநாள் மதியம் வண்டி திரும்பும்போது அக்கா இறங்கி உள்ளே வந்தார். வலது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. மருந்து வாடை அடித்தது.

"புஷ் எப்ப வரும் தம்பி?"

"வந்துரும்கா. ரெண்டு நாள்ல."

"டிராயர்லயே கீதாமே. ஸ்பானர் எடுக்கசொல்ல டிரைவர் பாத்தானாம்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. உண்மையைக் கொட்டிவிட்டேன். "உனக்காகத்தான்கா செஞ்சேன். புஷ் போட்டா உன்ன மறுபடி நிறுத்திடுவாரு."

அக்கா கிரைண்டர் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். "எனக்காகவா? ஓனர் கூப்ட்டாருன்னதும், வேல திரும்ப கெடச்சிச்சினு ஆஸ்டல்ல சொல்லிட்டு வந்துட்டேன். அங்க வேற பொம்பளய வெச்சிட்டாங்க. இப்ப நீ புஷ் போட்டா எனக்கு இதுவும் இல்ல, அதுவும் இல்ல. போடலன்னா..." கையைத் தூக்கிக் காட்டினார்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் விடவில்லை.

"புஷ்ஷ ஒளிச்சு வெக்கத் தெரியுது உனக்கு. ஆள் வேணாம்னு சொன்ன வாயால, ஆள் வேணும்னு ஒரு வார்த்த சொல்லத் தெரியலியே தம்பி."

அவர் குரலை உயர்த்தவே இல்லை. இத்தனை மாதமாக நான் கேட்க ஆசைப்பட்ட திட்டு கடைசியில் கிடைத்துவிட்டது. மனைவி சொன்ன நிம்மதி மட்டும் வரவில்லை. ஏன் சொல்லவில்லை என்று எனக்கே நன்றாகத் தெரிந்தது. ஆள் வேண்டும் என்று சொன்னால் என் பிராக்கெட் முழு வேலை செய்யவில்லை என்று ஆகிவிடும். அந்த ஒரு வார்த்தைக்குப் பதில் வருத்தப்பட்டுக்கொண்டே காலம் தள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

அன்றே புஷ்ஷை மாட்டினேன். ஓனரை வரச் சொன்னேன். வந்தவர் எடை மேடையைக் காட்டி, "தண்ணி வெச்சுப் பாத்துருவோமா?" என்றார். வைத்தோம். வண்டி ஏறியது. ஒரு சொட்டு சிந்தவில்லை. அக்கா மண்டபத்துச் சுவரோரம் தள்ளி நின்றிருந்தார், இந்தத் தடவை கை தட்டவில்லை.

"சார், பின்னாடி ஆள் வேணும்," என்றேன்.

"தண்ணி சிந்தலையே அண்ணா."

"பிராக்கெட் துள்ளறதத்தான் நிறுத்தும். எவனாவது குறுக்க வந்து டிரைவர் பிரேக் அடிச்சா, அதுக்கு ஒண்ணும் பண்ணாது. கயிறு அண்டாவப் புடிக்கும், மூடியப் புடிக்காது. ஆள்தான் புடிக்கணும். அன்னிக்கி நான் சொன்னது தப்பு."

சொல்லும்போதே, இதில் பொய் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. முதல் நாளே தெரிந்திருக்க வேண்டியதுதான். ஓனர் வாதாடுவார் என்று நாலு பதில் தயாராக வைத்திருந்தேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"அப்போ அவங்களே இருக்கட்டும். இத அப்பவே சொல்லியிருந்தா நான் ஏன் நிறுத்தப் போறேன்? போன்ல அவ்ளோ சண்ட போட்டீங்க, அப்பக்கூட இத சொல்லலையே. எனக்கு வண்டியப் பத்தி இன்னா தெரியும். நீங்க சொன்னா கேட்டுக்கப் போறேன்."

பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவ்வளவுதான். அக்கா அண்டாத் தண்ணீரை என் வாசல் வேப்பங்கன்றுக்கு ஊற்றிவிட்டு, கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, நேரமாவுது வண்டிய எடு என்று டிரைவரிடம் சொன்னார்.

இப்போது லாரி தினமும் சத்தமில்லாமல் போகிறது. கேட்காது என்பதால் அந்த நேரத்துக்கு நானே எழுந்து வாசலுக்கு வருகிறேன். அக்கா கை ஆட்டுவார். துணிக்கட்டு அவிழ்த்தாயிற்று. அந்த வலது கையில் தழும்பு ஒன்று வெளுத்து நீளமாகத் தெரியும். டிராயரில் புஷ் கிடந்த நாட்களில் பட்டது அது.